ஹைராக்ஸ் போட்டியில் (1 கிலோமீட்டர் ஓட்டமும் ஓர் உடற்பயிற்சியும் மாறி மாறி 8 முறை வரும்) பாதியிலேயே கால் கனத்துவிடுகிறது. முதல் கிலோமீட்டர் 4:40 நிமிடம், மூன்றாவது 5:50. ஊட்டியில் பயிற்சியை எப்படி மாற்றுவது?

தம்பி, மொத்த நேரத்தை விடுங்கள். 8 ஓட்டங்களின் நேரத்தையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் முதல் கிலோமீட்டர் 4:40; ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குவண்டி) தள்ளி முடித்த கையோடு ஓடிய மூன்றாவது 5:50. கால் கனத்தது அங்கேதான். தொடக்க வேகமும் கொஞ்சம் அதிகம், கிலோமீட்டருக்கு 5 நிமிட வேகத்தில் தொடங்குங்கள்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு என்பதால் இங்கே வேகம் குறையத்தான் செய்யும். அதனால் இதயத்துடிப்பை வைத்து ஓடுங்கள். அப்புறம் வாரம் இருமுறை, லவ்டேல் பக்கம் ஏதாவது ஏற்றத்தில் மணல்மூட்டையைத் தோளில் வைத்து 100 மீட்டர் லஞ்ச் (ஒரு காலை நீட்டி முன்வைத்து, முழங்கால் மடக்கி இறங்கி எழும் நடை); இறக்கி வைத்ததும் நிற்காமல் 1 கிலோமீட்டர். முதல் 200 மீட்டர் தொடை மரத்துப்போகும், பரவாயில்லை, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.