பாட்டு முதலில் ஊர் சுற்றட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

கன்னியாகுமரி ஜில்லாவில் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், வீட்டில் தெரிந்தால் சண்டை வரும். நாங்கள் நான்கு பேர் மூன்று வருடமாக ஒரு ராக் பேண்ட் நடத்துகிறோம். நான் கித்தார் வாசித்துப் பாடுவேன். ஒத்திகை எல்லாம் நண்பன் வீட்டு ரப்பர் ஷீட் ஷெட்டில். சொந்தமாக ஐந்து பாட்டு இருக்கிறது. இரண்டைப் பதிவு செய்து போன வருடம் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் போட்டோம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு இதுவரை 640 முறை ஓடியிருக்கிறது. அதில் பாதி நாங்களே கேட்டதாக இருக்கும். மற்ற மூன்றையும் சேர்த்து ஆல்பமாக விட்டுவிட்டு, சென்னை, பெங்களூர் என்று ஒரு டூர் போகலாமா என்று யோசிக்கிறோம். டிரம்மர், சென்னைக்கே குடிபோய்விடலாம் என்கிறான். இங்கே ராக் கேட்க யார் இருக்கிறார்கள்? அப்பாவோ, 'கானமேளா குரூப்பில் சேர்ந்து சினிமாப் பாட்டு வாசி, நாலு காசாவது வரும்' என்கிறார்.

இன்னொன்று. எங்கள் பாட்டு ஒன்றில் 'வெப்ராளம்' என்று ஒரு சொல் வந்தது. சென்னை நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, இது மலையாளமா என்றார். வெட்கமாகப் போய்விட்டது. 'பதற்றம்' என்று மாற்றிப் பாடிப் பதிவு செய்தோம். சரிதானே? இணைப்பு அனுப்பியிருக்கிறேன்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 'வெப்ராள'த்தை எடுத்து அதன் இடத்தில் திரும்ப வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பாட்டைக் கேட்டேன். 'பதற்றம்' வரும் இடத்தில் உங்கள் குரல் கல் தடுக்கினது மாதிரி நிற்கிறது. ஏனென்றால் நீங்கள் மெட்டுப் போட்டது 'வெப்ராளம்' என்ற சொல்லுக்கு. அதன் நடுவில் 'ரா' என்று ஒரு நெடில் இருக்கிறது. குரலை அங்கே கொண்டுபோய் இழுக்கலாம், ஏற்றலாம், இறக்கலாம். 'பதற்ற'த்தில் எல்லாம் குறில். 'ற்ற' வந்ததும் வாய் அடைத்துக்கொள்கிறது. அர்த்தமும் வேறு. பதற்றம் பரீட்சைக்கு முன்னால் வரும். வெப்ராளம் என்றால், கடலுக்குப் போன வள்ளம் வரத் தாமதமாகும் நாட்களில் எங்கள் அம்மா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்த நடை. மலையாளமா என்று கேட்டவரிடம், எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ம் தேதிதான், சொற்களுக்கு அதற்கு முன்பே இங்கே வீடு வாசல் இருந்தது என்று சொல்லுங்கள். சென்னையின் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது, அதிலிருந்த கானாக்காரர்கள் தங்கள் பேச்சை இஸ்திரி போட்டுக்கொண்டு வரவில்லை. சென்னைப் பேச்சு பாட்டாகலாம், நம் பேச்சு ஆகக்கூடாதா?

சரி, டூருக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே முந்நூற்றுச் சொச்சம் கேசட். தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணனும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து போட்டது. கேசட் வந்தால்தான் பேண்ட் என்று மதிப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வளைகுடாவுக்குப் போக அண்ணன் சேர்த்து வைத்திருந்த காசு முழுவதும் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனது. ஆறு பாட்டு, 500 பிரதி. அதுவரை அந்த ஆறில் ஒன்றைக்கூட அவர்கள் ஆட்கள் முன்னால் பாடியதில்லை.

முதல் மேடை வெளியூரில், ஒரு கல்லூரி விழா. நானும் போயிருந்தேன். மூன்றாவது பாட்டில் சரணம் முடிந்ததும் நீளமாக ஒரு கித்தார் வாசிப்பு வரும். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நன்றாகத்தான் இருந்தது. மைதானத்தில், முன்வரிசைப் பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்கள். அண்ணன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். திறந்தபோது நாற்காலிகள் இருந்தன. பல்லவி வேறு அவர் குரலுக்கு ஒரு கட்டை அதிகம். ஸ்டுடியோவில் பதினொரு தடவை பாடி, நல்ல துண்டுகளை ஒட்டவைத்தது. மேடையில் அது ஒரே தடவையில் வரவேண்டும், வரவில்லை. பேசிய பணத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பேஸ் டிரம்முக்கு ஒரு முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். எங்கள் கச்சேரிக்கு விற்ற ஒரே டிக்கெட் அதுதான் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லுவார்.

இதில் சோகமான பகுதி அது இல்லை. ஊருக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து அந்த மூன்றாவது பாட்டைச் சுருக்கினார்கள். கட்டையைக் குறைத்தார்கள். பல்லவியை முன்னால் கொண்டுவந்தார்கள். அருமையான பாட்டாகிவிட்டது. ஆனால் 500 கேசட்டிலும் இருந்தது பழைய பாட்டு.

நீங்களும் அதே வரிசையில்தான் திட்டம் போட்டிருக்கிறீர்கள்: முதலில் ஆல்பம், பிறகு டூர். திருப்பிப் போடுங்கள். ஐந்து பாட்டும் இருபது மேடை ஏறி இறங்கட்டும். அதற்குப் பிறகு மிச்சம் நிற்பதைப் பதிவு செய்யுங்கள். நமக்கு மேற்கே இருப்பவர்கள் அப்படித்தான் வந்தார்கள். கொச்சியில் 1977-ல் தொடங்கிய 13 ஏடி என்ற ராக் பேண்ட், ஹோட்டல் மேடையில் ராத்திரி ராத்திரியாக மற்றவர்கள் பாட்டை வாசித்துக் கை பழகித்தான் 1990-ல் 'கிரவுண்ட் ஸீரோ' ஆல்பத்துக்கு வந்தார்கள். திருவனந்தபுரத்து 'அவியல்' 2003-ல் சேர்ந்தது, ஆல்பம் 2008-ல். டெல்லி பேண்டான இந்தியன் ஓஷனுக்குக்கூட, பெயர் வாங்கித் தந்த 'கண்டிசா' ஆல்பம் தொடங்கி பத்து வருடம் கழித்துத்தான், 2000-ல், வந்தது. நீங்கள் மூன்றாவது வருடத்திலேயே வெப்ராளப்படுகிறீர்கள்.

இங்கே கேட்க யார் இருக்கிறார்கள் என்கிறீர்கள். வில்லிசைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். டூர் என்ற சொல் வருவதற்கு முன்பே கொடைக்குக் கொடை, அதாவது கோயில் திருவிழாவுக்குத் திருவிழா, ஊர் சுற்றியவர்கள். ஒரு பாட்டை 'வெளியிடுவது' என்ற பேச்சே அவர்களிடம் கிடையாது. அகஸ்தீசுவரம் பக்கம் என் தோழியின் ஊர்க்கோயில் கொடையில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கதையை எங்கே நீட்டுவது, எங்கே வெட்டுவது என்பதை தலைமைப் பாடகரான அண்ணாவி கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். பிள்ளைகள் தூங்கத் தொடங்கியதும் ஒரு நையாண்டி. சாமி வரும் நேரம் நெருங்கியதும் பேச்சு குறைந்தது, வில்லை அடிக்கும் வீசுகோல் வேகம் பிடித்தது, உடுக்கு ஏறியது. குடத்தின் வாயில் பட்டை விழும்போது ஒரு 'கும்' எழும்புமே, அது காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடும். உங்கள் பேஸ் கித்தார்க்காரர் ஒரு ராத்திரியாவது அந்தக் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

உடனே வில்லையும் கித்தாரையும் கலந்து ஃப்யூஷன் செய்யச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். முண்டு கட்டி, பின்னால் ஒரு வில்லை நிறுத்திவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் பேண்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வாத்தியத்தை இல்லை, போகும் வழியை.

வழி என்றால் இதுதான். ஒரு பேண்ட் வெளியூர் போனால் காசைத் தின்பது மேடை, மைக்செட், லைட், ஜெனரேட்டர். நம் ஜில்லாவில் இந்த நான்கும் வருடத்தில் பாதி நாள் ஏதோ ஒரு ஊரில் கட்டி நிற்கின்றன. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24-ல் கொடியேறி டிசம்பர் 3 வரை, மாசியில் மண்டைக்காடு அம்மன் கொடை, கிறிஸ்துமஸ், பொங்கல், பிறகு கோடை முழுக்கக் கொடையும் சர்ச்சுகளின் பங்குத் திருவிழாவும். பெரிய இடங்களில் உங்களை உள்ளே விடமாட்டார்கள், அங்கே போகவும் வேண்டாம். சின்ன ஊர்க் கமிட்டியைப் போய்ப் பாருங்கள். ஒன்பது மணிக்கு 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். அதற்கு முன்னால், ஏழு மணிக்கு, இருபத்தைந்து நிமிடம் கேளுங்கள். சம்பளம் கேட்காதீர்கள், வண்டிக் கூலியும் சாப்பாடும் கேளுங்கள். கடைசி நிகழ்ச்சியாக வைக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் வருடத்து ஒலி மாசு விதி. திருவிழா என்றால் வருடத்துக்கு 15 நாள் வரை, நள்ளிரவு மட்டும், அரசு தளர்த்தலாம். பேச்சாளரும் பரிசளிப்பும் இழுத்துக்கொண்டே போக, போலீஸ் வந்து நிறுத்தும்போது மேடையில் நிற்பது கடைசி ஆள்தான்.

மைக்செட்காரரை உங்கள் ஐந்தாவது ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறி, அதைக் கூட்டு, இதைக் குறை என்று மைக்கில் சத்தம் போட்டால் அவர் எல்லாவற்றையும் குறைத்துவிடுவார். நாலு மணிக்கே போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'அண்ணே, பேஸ் டிரம்முக்கு ஒரு மைக் வேணும், பாடுறவன் காதுக்கு நேரா ஒரு பாக்ஸ் வேணும்' என்று சொல்லுங்கள். கூட்டத்தில் ஒரு ஆளை நிறுத்தி, எந்த இடத்தில் மக்கள் எழுந்து போகிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பைவிட நல்ல விமர்சனம் உங்களுக்கு யூடியூப் கமெண்ட்டில் கிடைக்காது.

அப்பா சொல்வதில் பாதி சரி. கேரளத்து பேண்டான தைக்குடம் பிரிட்ஜ் 2013-ல் டிவியில் தெரியவந்ததே பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டைத் தங்கள் கையால் வாசித்துத்தான், சொந்த ஆல்பம் 'நவரசம்' 2015-ல். திருவிழாவில் ஐந்து சொந்தப் பாட்டோடு, கூட்டத்துக்குத் தெரிந்த இரண்டையும் வாசியுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. ஆனால் கானமேளா குரூப்பிலேயே சேர்ந்துவிட்டால் ஒரிஜினல் மாதிரியே வாசிக்கவேண்டும். அந்தப் பழக்கம் கையில் ஏறினால் இறக்குவது கஷ்டம். அதைச் சொல்லாமல் விட்டால் அப்பா பக்கம் சாய்ந்தவளாகிவிடுவேன்.

சென்னைக்குக் குடிபோகும் யோசனையை டிரம்மர் தற்போதைக்குத் தள்ளிவைக்கட்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70-தான், கருங்கலிலிருந்து இன்னும் கிட்டே. அங்கே கல்லூரிகள், டெக்னோபார்க் ஐ.டி. பையன்கள், சொந்தப் பாட்டைக் கேட்டுப் பழகிய ஒரு கூட்டம் உண்டு. கோவளம் பக்கத்து வெள்ளாறில் 2022-ல் சுயாதீன இசைக்கென்றே ஒரு சர்வதேச விழா நடந்தது. ஓம்னி வேனில் டிரம்ஸை அடுக்கிப் போனால் ராத்திரியே வீட்டில் வந்து படுக்கலாம், ரூம் வாடகை மிச்சம். 'வெப்ராளம்' அங்கே யாருக்கும் விளக்கவும் வேண்டாம்.

வெளியீடு பற்றிச் சுருக்கமாக. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டின் பதிவுக்குப் பணம் கிடையாது. உங்கள் 640-க்குச் சுழி. ஆகவே அங்கே பாட்டு இருப்பது கமிட்டிக்காரருக்கு அனுப்ப ஒரு முகவரி, அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர் ஆட்கள் காசு கொடுத்து வாங்கத் தயாரென்றால் பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் நல்லது, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பாட்டின் வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள். கூட்டாளிகளாக இருக்கும்போது எழுதினால் ஐந்து நிமிடம், பிறகு எழுதினால் வக்கீல். அண்ணன் பேண்ட் உடைந்தது பொன்னாடையால் இல்லை, இதனால்தான். அந்தக் கதை இங்கே வேண்டாம், அதில் வரும் மூன்று பேரும் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்த் திருவிழா மே மாதம். கமிட்டிச் செயலாளர் வீடு எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான். எட்டாம் நாள் திருவிழா அன்று ஏழு மணிக்கு இருபத்தைந்து நிமிடம் கேட்டு வைத்திருக்கிறேன். 'சத்தமா இருக்குமோ?' என்றார். இருக்கும் என்றேன். 'அப்போ சரி' என்றார். கடற்கரை ஊர், உப்புக்காற்றில் புதுக் கம்பி பத்து நாளில் கறுத்துவிடும், வரும்போது கூடுதலாக ஒரு செட் கம்பி கொண்டுவாருங்கள். அண்ணன் பின்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். கூட்டம் டீக்கடைக்குக் கிளம்பும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் அவரைவிட அனுபவஸ்தர் இந்தப் பக்கத்தில் இல்லை.

அன்புடன்,
அக்கா