நெஞ்சில் சீழ்: அப்பாவை பாரிஸுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. நிமோனியா வந்து வலது பக்க நெஞ்சில் சீழ் கட்டிவிட்டது. குழாய் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இப்போது எதுவும் வடியவில்லை, நுரையீரலும் விரியவில்லை. உறை தடித்துவிட்டது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். பாரிஸில் இருக்கும் தம்பி, "இங்கே கூட்டிட்டு வா" என்கிறான். போகலாமா?

பதில்: வேண்டாம். தம்பியின் தவிப்பு புரிகிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது நாட்கள்தான் முக்கியம்.

நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு சவ்வுகளுக்கு நடுவே சீழ் சேர்ந்தால், முதலில் நீர்த்து இருக்கும், குழாயில் இறங்கிவிடும். பிறகு நூல் நூலாகத் திரிந்து அறை அறையாகப் பிரியும். வாரங்கள் போனால் தோல் மாதிரி இறுகி நுரையீரலைக் கவ்விக்கொள்ளும். அந்தத் தோலை உரித்தெடுப்பதுதான் டீகார்டிகேஷன். சீக்கிரம் செய்தால் பெரும்பாலும் சிறு துளைகள் போட்டு கேமரா வழியாகவே முடிக்கலாம். இறுகிவிட்டால் விலா இடுக்கைத் திறக்க வேண்டியிருக்கும். விசாவுக்கே சாதாரணமாக 15 நாள் ஆகும். அதற்குக் கேட்கும் 30,000 யூரோ பயணக் காப்பீடும் அவசரச் சிகிச்சைக்குத்தான். முன்பே முடிவுசெய்த ஆபரேஷனுக்கு உதவாது.

விமானம் இன்னொரு சிக்கல். கேபினில் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல் குறையும். நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். கட்டிலுக்குக் கீழே குழாய் போய்ச்சேரும் பாட்டிலைப் பாருங்கள். மூச்சோடு தண்ணீர் ஏறி இறங்கினால் குழாய் அடைபடவில்லை. அப்பா இருமும்போது குமிழி வந்தால் பெரும்பாலும் நுரையீரலில் இன்னும் காற்றுக் கசிவு இருக்கிறது. அந்த நிலையில் பறப்பது உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் முடிந்தாலும், எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்தது தெரிந்த பிறகு குறைந்தது ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

சீழ் டிபியால் வந்ததா என்று பார்த்தார்களா? நம் ஊரில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. டிபியால் வெறும் நீர் கோத்து உறை தடித்திருந்தால், ஆறு மாத மாத்திரையிலேயே பலருக்குக் குறைந்துவிடும், கத்திக்கு அவசரமில்லை. சீழ் அப்படியில்லை.

சரி, எங்கே போவது? கோரிமேடு ஜிப்மரில் இதய, நெஞ்சக அறுவைப் பிரிவு இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் கொடுத்த தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை காரில் மூன்று மணி நேரம். எங்கே போனாலும் சர்ஜனிடம் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை டீகார்டிகேஷன் செய்கிறீர்கள்? கேமராவில் ஆரம்பித்துத் திறக்க நேர்ந்தால் அதையும் நீங்களே செய்வீர்களா? சர்க்கரை எவ்வளவுக்கு வந்தால் ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்வீர்கள்?

தம்பி செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. சிடி ஸ்கேன் படங்களையும் சீழில் என்ன கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் அனுப்புங்கள். அங்குள்ள நெஞ்சக சர்ஜனிடம் இரண்டாவது கருத்து வாங்கட்டும். ஆனால் அதற்காக ஆபரேஷன் தேதியைத் தள்ளாதீர்கள். முடிந்தால் லீவு போட்டுவிட்டு தம்பியே வரட்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் வாரம் வலியில் அப்பா இருமப் பயப்படுவார். தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இருமவைக்கவும், மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவியை மணிக்கு ஒருமுறை கையில் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கவைக்கவும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.