வேலி, மதில், சத்தம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (கொக்குவில்): விறாந்தையில் இருந்தால் பக்கத்து முற்றம் முழுக்கத் தெரிகிறது, அவர்களுக்கும் நாங்கள் தெரிகிறோம். மதிலுக்குக் காசில்லை. கிடுகு அடைத்தால் போதுமா?

பதில்: பார்வைக்குப் போதும். நிற்பவரை மறைக்க ஆறடி, கதிரையில் இருப்பவரை மறைக்க நாலரை அடி. கிடுகு ஒரு வருடம் தாங்கும், பனையோலை இன்னும் கொஞ்சம் கூட நிற்கும். ஆனால் சத்தம் குறையும் என்று நினைக்காதீர்கள். மறைக்க ஓலை காணும், சத்தத்தைத் தடுக்கப் பாரம் வேண்டும். எத்தனை தரம் எழுதினாலும் இதையே கேட்கிறீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): கதியால் வேலியை வெட்டிவிட்டுத் தகரம் அடித்தோம். சத்தம் முன்பைவிடக் கூடியது போல் இருக்கிறதே?

பதில்: கூடத்தான் செய்யும். கதியால் வேலி சத்தத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை, அது உண்மை. ஆனால் அது தன் பாட்டில் நின்றது. தகரம் அப்படியல்ல, உங்கள் வளவில் பிள்ளைகள் போடும் கூச்சலை உங்களிடமே திருப்பி அனுப்பும், சோளகக் காற்று அடித்தால் தானே சத்தம் போடும். என் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தகர வேலி இருக்கிறது. மூன்றாவது தகரத்தின் மேல் ஆணி கழன்றுவிட்டது, காற்று எழும்பினால் இரவு முழுக்க அந்த ஒரு மூலை மட்டும் டக் டக் என்று அடிக்கும். நித்திரையே வராது. பூவரசும் கிளுவையும் நின்றால் ஆட்டுக்குக் குழை, முற்றத்துக்கு நிழல், எல்லாம் ஒரே வேலியில் கிடைக்கும். பிள்ளை வளர்ப்பது போல வளர்த்த வேலியை அரை நாளில் தறித்துவிட்டு, ‘வெளிச்சமாக இருக்கிறது’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சரி, இப்போதைக்குத் தகரம் ஆடும் இடமெல்லாம் ரப்பர் வாசர் போட்டு இறுக்குங்கள். ஐப்பசி மழையோடு உட்பக்கமாக ஒன்றரை அடிக்கு ஒரு கதியால் ஊன்றுங்கள். அது தழைத்த பிறகு தகரத்தைக் கழற்றலாம்.

கேள்வி: சத்தம் தாங்க முடியவில்லை. தீர்வு சொல்லவும்.

பதில்: என்ன சத்தம், எந்தப் பக்கம், எத்தனை அடி தூரம்? ஊரைக்கூட எழுதவில்லை. அளந்து எழுதுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): பக்கத்து வீட்டு மோட்டர் விடிய ஐந்து மணிக்கே இரைகிறது. எட்டடி மதில் கட்டினால் கேட்காதா?

பதில்: முதலில் போய்க் கதையுங்கள். மோட்டருக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்து, குழாயைச் சுவரில் முட்டாமல் விட்டாலே இரைச்சலில் நல்ல பங்கு அடங்கும், செலவும் சொற்பம். மோட்டர் கண்ணுக்கு மறைந்த அளவில் மதில் ஏறக்குறைய 5 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும். காதுக்குப் பாதியாகத் தெரிய 10 வேண்டும், அதற்கு மதில் இன்னும் உயர வேண்டும். மோட்டருக்குக் கிட்ட அல்லது உங்கள் விறாந்தைக்குக் கிட்டக் கட்டுங்கள், நடுவில் கட்டினால் பலன் குறைவு. கல்லை இரண்டு பக்கமும் பூசுங்கள், பூசாத சீமெந்துக் கல்லின் துளைகளால் சத்தம் கசியும். மதிலில் ஓட்டை, இடைவெளி விடாதீர்கள். மாரி வெள்ளம் போகக் குழாய் கட்டாயம் வேண்டும், அதை நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தூரமாக வையுங்கள். உயரத்துக்கு அனுமதி தேவையா என்று சபையில் கேட்டுவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள்.

கேள்வி (அரியாலை): மதிலில் ஸ்பொஞ்ச் ஒட்டினால்?

பதில்: வேண்டாம். அது எதிரொலியைத்தான் குறைக்கும், கடந்து வரும் சத்தத்தை நிறுத்தாது. முதல் மழையோடு ஊறிப் போகும்.

கேள்வி (யாழ் நகர்): எவ்வளவு சத்தம் வரை சட்டப்படி சரி?

பதில்: 1996 சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிப்படி மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதியில் 55, 45. முறைப்பாட்டுக்கு முன் அயலவரிடம் ஒருதரம் கதைத்துப் பாருங்கள், பிறகும் அதே வேலிக்கு அங்காலும் இங்காலும்தான் இருக்கப் போகிறீர்கள்.

கேள்வி (சாவகச்சேரி): கிணற்றடி மறைப்புக்கு மூங்கில் நடலாமா?

பதில்: வேண்டாம், சருகெல்லாம் கிணற்றுக்குள் விழும். செவ்வரத்தையை நெருக்கி நடுங்கள்.