தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் (டர்பன்) பேரனை வளர்க்கும் ஆயாவுக்கு எந்த உதவித்தொகை?

தாய், தகப்பன் இருவரும் இறந்து, பேரன் ஆயாவிடம் வளர்ந்தால் ஃபாஸ்டர் உதவித்தொகையா (நீதிமன்ற ஆணையின்படி பிள்ளையை வளர்ப்போருக்கு அரசு தருவது), குழந்தை ஆதரவுத்தொகையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபாஸ்டர் தொகைதான் கூடுதல்: 2025 ஏப்ரலில் அது மாதம் 1250 ராண்டாக இருந்தது, குடும்ப வருமானமும் பார்ப்பதில்லை. ஆனால் சமூகப் பணியாளரின் அறிக்கையும் சிறுவர் நீதிமன்ற ஆணையும் வேண்டும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்தோர் பதிவேட்டில் ஆயா பெயர் இல்லை என்பதற்கான சான்றும் கேட்பார்கள் (படிவம் 30). அந்தச் சான்று வரத் தாமதமாகலாம், ஆகவே அதற்கான படிவத்தை முதல் நாளே அனுப்பச் சொல்லுங்கள்.

உண்மையான சிக்கல் பிறகு வரும். ஆணை பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான். நீட்டிக்காமல் காலாவதியானால் சாசா (அரசின் உதவித்தொகைகளை வழங்கும் அமைப்பு) பணத்தை நிறுத்திவிடும். சமூகப் பணியாளர்களிடம் கோப்புகள் மலையாய்க் குவிந்து, ஆயிரக்கணக்கான ஆணைகள் காலாவதியாகி, 2011 முதல் உயர் நீதிமன்றமே பலமுறை தலையிட்டு நீட்டிக்க வேண்டியிருந்தது. முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே சமூகப் பணியாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் நினைவூட்டி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்தில் வளரும் பிள்ளைக்கு, சிறுவர் சட்டத்தின் 186ஆம் பிரிவின்படி 18 வயது வரைக்கும் ஒரே ஆணை தர நீதிமன்றத்தால் முடியும், கேட்டால்தான் கிடைக்கும்.

நீதிமன்றம் ஏற வேண்டாமென்றால், குழந்தை ஆதரவுத்தொகையோடு சேர்த்துத் தரும், 2022இல் வந்த கூடுதல் தொகை இருக்கிறது: 2025 ஏப்ரலில் ஆதரவுத்தொகை 560, கூடுதலாக அதில் பாதி 280, மொத்தம் 840 ராண்டாக இருந்தது. பிள்ளையின் பிறப்புச் சான்றும் பெற்றோரின் இறப்புச் சான்றுகளும் எடுத்துக்கொண்டு நேராகச் சாசாவுக்குப் போகலாம். இதற்கு வருமான வரம்பு உண்டு. ஃபாஸ்டர் தொகையையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது.