வாசகர் கேள்வி: பலகையில் 46, பாயில் 9

கேள்வி: எங்கள் தெரு அங்கன்வாடியின் பலகையில் ‘பயனாளிகள் 46’ என்று எழுதியிருக்கிறது. காலை 10 மணிக்குப் போனால் 9 பிள்ளைகள்தான் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிலும் 6 பேர் பெண் பிள்ளைகள். கணக்கைப் பெருக்கி எழுதுகிறார்களா?
– வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பயனாளிகளே. கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உரிய சத்துமாவு வீட்டுக்குப் போய்விடுகிறது. எடை போடும் நாளில்தான் அவர்களை மையத்தில் பார்க்கலாம். பாயில் உட்கார வேண்டியவர்கள் 2 வயது கடந்த பிள்ளைகள் மட்டுமே.

அவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும்? பொதுவாக 400 முதல் 800 பேர் வாழும் பகுதிக்கு ஒரு மையம் என்பது விதி. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 குழந்தைகள் பிறந்ததால், உங்கள் பகுதியில் 800 பேர் இருந்தாலும் ஆண்டுக்கு 11 பிறப்புகள்தான். 2 முதல் 5 வயதுக்குள் இருப்போர் ஏறத்தாழ 33 பேர். மூன்றரை வயதானதும் தனியார் பள்ளி வேன் வாசலில் வந்து நின்றுவிடுகிறதே! பாதிப்பேர் அதில் ஏறிவிட்டால் எஞ்சுவோர் 16. காய்ச்சல், பாட்டி வீடு என்று சிலர் போக, 9 என்பது நம்பக்கூடிய எண்தான். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதை, அந்த வேனுக்கான பதிலாகவே நான் பார்க்கிறேன்.

பெண் பிள்ளைகள் பற்றி: 9 பேரை வைத்து விகிதம் பேச முடியாது; இருவர் மாறினாலே கணக்குப் புரண்டுவிடும். ஆயினும் உங்கள் கண் பொய் சொல்லவில்லை. இந்தியாவின் சில ஊரக மாவட்டங்களில் 2019இல் நடந்த ‘அசர்’ என்னும் கல்வி நிலை ஆய்வின்படி, 4, 5 வயதுச் சிறுமியரில் சுமார் 57 சதவீதத்தினரும், அதே வயதுச் சிறுவர்களில் சுமார் 50 சதவீதத்தினரும் அரசு மையங்களிலோ அரசுப் பள்ளிகளிலோ இருந்தார்கள். கட்டணம் கட்ட வேண்டும் என்றதும் பல வீடுகளில் மகன்தான் முதலில் நினைவுக்கு வருகிறான்.

இன்னமும் ஐயம் இருந்தால், முட்டை போடும் நாளில் மதியம் போங்கள். அன்றைய வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணும் தட்டில் விழுந்த முட்டைகளும் பொருந்தாவிட்டால், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுதலாம்.