வாடகையா, போக்கியமா, சொந்த வீடா?

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பென்னாகரம், அரூர், ஓசூர் என்று மாற்றலாகிப் போன ஊரெல்லாம் வாடகை வீடு. இப்போது தருமபுரி இலக்கியம்பட்டியில் சொந்த வீட்டில் இருக்கிறேன்; மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அதனால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் எனக்குத் தெரியும். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வயது 31, கல்யாணம் ஆகவில்லை, கைக்கு வரும் சம்பளம் 48,000. ஒற்றை பெட்ரூம் வீட்டுக்கு 9,000 வாடகை கொடுக்கிறேன். "மாசாமாசம் அடுத்தவனுக்குக் கொட்டி அழுவுறியே" என்று நண்பர்கள் திட்டுகிறார்கள். 45 லட்சத்துக்கு ஒரு தனி வீடு விலைக்கு வருகிறது. சேமிப்பு 7 லட்சம் இருக்கிறது. குறைவதைத் தருவதாக மாமா சொல்கிறார். சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம். அப்பா அம்மா அங்கே ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். வாங்கலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: தம்பி, கணக்கைப் போட்டுவிடுவோம். 45 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 36 லட்சம் வரை தரலாம். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 31,200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. முதல் மாதத் தவணையில் 25,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஆறாயிரம் கூட இல்லை. வாடகை திரும்பி வராத காசு என்றால் வட்டியும் திரும்பி வராத காசுதான். அதை மட்டும் உங்கள் நண்பர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் கைக்காசு. வங்கி தராத 9 லட்சம் ஒரு பக்கம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது நாலு லட்சத்து ஐயாயிரம், இன்னொரு பக்கம். இந்தப் பத்திரச் செலவை வங்கி கடனில் சேர்க்காது. ஆக 13 லட்சம் வேண்டும், உங்களிடம் இருப்பது 7. மீதியை மாமா தருகிறார், சரி. வட்டிக்கா, வட்டி இல்லாமலா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 48,000 சம்பளத்தில் 31,000 தவணை கட்டிவிட்டு, மாமாவுக்கும் கொடுத்துவிட்டு, நீங்கள் எதைச் சாப்பிடுவீர்கள்? சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தவணைக்கே போகிற கடனுக்கு என் மேஜையில் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

"வரி மிச்சமாகும்" என்று ஒரு வாதம் வரும். புதிய வரி முறையில் வருடம் 12 லட்சம் வரை வருமானத்துக்கு இப்போது வரியே இல்லை. உங்களுக்கு இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

வாடகையோடு ஒப்பிடும்போது நீங்கள் இருக்கும் ஒற்றை பெட்ரூமை வைத்து ஒப்பிடாதீர்கள். அந்த 45 லட்சம் வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன வரும் என்று அந்தத் தெருவிலேயே விசாரியுங்கள். 13,000 என்று சொன்னால், வாடகைக்கும் தவணைக்கும் நடுவில் மாதம் 18,000 வித்தியாசம். அதை ஒழுங்காகச் சேர்த்து வைப்பவருக்கு வாடகை லாபம். சேர்க்காமல் பைக்கும் போனும் மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு தவணை ஒரு கட்டாயச் சேமிப்பு. நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஏழு லட்சம் சேர்த்திருக்கிறீர்கள், முதல் ரகம் என்றே நினைக்கிறேன்.

சொந்த வீட்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாடகை வருடா வருடம் ஏறும். தவணை அப்படி ஏறாது; வட்டி விகிதம் மாறினால்தான் மாறும். பத்து வருடம் கழித்து உங்கள் சம்பளத்துக்கு அந்தத் தவணை சின்னதாகத் தெரியும். கையில் பணம் சேரும்போது அசலில் கட்டினால், மாறும் வட்டிக் கடனுக்கு வங்கி அபராதம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் இதெல்லாம் பத்து வருடம் ஓசூரிலேயே இருப்பவருக்கு. உங்கள் வேலை பர்மனெண்டா, காண்ட்ராக்டா? கம்பெனி உங்களை வேறு ஊர்ப் பிரிவுக்கு மாற்றுமா? இதற்குப் பதில் தெரியாமல் வீடு பார்க்கப் போகாதீர்கள்.

31 வயது, கல்யாணம் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெண் வீட்டார் "சொந்த வீடு இருக்கா" என்று கேட்பார்கள், தெரியும். நம் பக்கத்தில் அது சம்பளத்துக்கு முந்திய கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு 20 வருடம் தவணை கட்டிப் பதில் சொல்ல வேண்டாம். இப்போதைக்கு ஓசூரில் வாடகையே இருக்கட்டும். சேமிப்பில் இரண்டு மூன்று லட்சம் எடுத்து, காரிமங்கலத்து ஓட்டு வீட்டுக்கு மழை ஒழுகாமல் கூரையும் நல்ல கழிப்பறையும் கட்டிக் கொடுங்கள். சொந்த வீடு வேண்டியது முதலில் அவர்களுக்கு.

கேள்வி: தருமபுரியில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு மாதம் 6,000 வாடகை. அதே தெருவில் ஒரு வீடு 4 லட்சம் போக்கியத்துக்கு வருகிறது. மூன்று வருடம். வாடகை கிடையாது, முடிவில் பணம் முழுதாகத் திரும்பும் என்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம் இருக்கிறது. மீதிக்கு நகையை வைக்கலாம் என்கிறார் கணவர். எல்லாம் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களாம். நல்ல வழிதானே?
– வாசகி, தருமபுரி

பதில்: கணக்குப்படி நல்ல வழிதான் அம்மா, மறைக்கவில்லை. இரண்டரை லட்சத்தை ஏழு சதவீதத்துக்கு டெபாசிட் போட்டால் மாதம் 1,450 வரும். ஒன்றரை லட்சம் நகைக்கடனுக்கு ஒன்பது சதவீதம் என்றால் மாதம் 1,125 வட்டி. இரண்டும் சேர்ந்து 2,600க்குள். வாடகை 6,000. மாதம் மூவாயிரத்துக்கு மேல் உங்களுக்கு லாபம்.

இவ்வளவு லாபத்தை வீட்டுக்காரர் ஏன் உங்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்? அதை யோசியுங்கள். வெளியில் 4 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் அவர் மாதம் 8,000 கட்ட வேண்டும். உங்களிடம் வாங்கினால் 6,000 வாடகையை இழப்பதோடு சரி. அதாவது நீங்கள் குடியேறவில்லை, பணமுடையில் இருக்கிற ஒருவருக்குக் கடன் கொடுக்கிறீர்கள். மூன்று வருடத்தில் அவர் முடை தீர்ந்திருக்குமா? பெரும்பாலும் தீராது. அடுத்த போக்கியக்காரர் கொண்டு வரும் பணத்தை வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். அந்த அடுத்த ஆள் கிடைக்கும்வரை நீங்கள் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.

ஒருமுறை ஒரு கணவனும் மனைவியும் என் மேஜைக்கு வந்தார்கள். அவர்கள் போக்கியத்துக்கு இருந்த வீட்டின் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் அதற்கு முன்பே பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி, தவணையும் கட்டாமல் விட்டிருந்தார். அந்த அம்மா ஒரு மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட முத்திரைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தார். உறை மேல் மஞ்சள் குங்குமம் இருந்தது. நோட்டரி முத்திரை, இரண்டு சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருந்தன. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு எண் மட்டும் இல்லை. வீட்டை ஏலம் விடும்போது பணத்தில் முதல் பாத்தியதை வங்கிக்குத்தான். சாமி படத்தின் முன் வைத்துப் பாதுகாத்த அந்தத் தாளை வைத்துக்கொண்டு அங்கே நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே, போக்கியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போக்கியம் சட்டப்படி ஓர் அடமானம். பதிவு செய்தால்தான் செல்லும். "எதுக்கும்மா பதிவெல்லாம், வில்லங்கத்துல ஏறிடும்" என்று வீட்டுக்காரர் இழுத்தால், வில்லங்கத்தில், அதாவது சொத்தின் பதிவுக் கணக்கில், ஏறுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பதிவான போக்கியம் இருந்தால், வீட்டை வேறு யார் வாங்கினாலும் உங்கள் பணத்துக்கு வழி சொல்லாமல் உங்களைக் கிளப்ப முடியாது.

பேசுவதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். தெரிந்தால் அந்த வீடு வேண்டாம். கைமாற்றாக யாரிடமாவது பத்திரத்தைக் கொடுத்து வைத்திருந்தால் வில்லங்கத்தில் வராது. ஜெராக்ஸ் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கடனோ டெபாசிட்டோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. இத்தனைக்கும் அவர் சரி என்றால் போங்கள். ஆனால் நகையை வைக்காதீர்கள். இரண்டரை லட்சத்துக்குள் சின்ன வீடாகப் பாருங்கள்.

கேள்வி: மாடிப் போர்ஷனில் இருப்பவர் நாலு மாதமாக வாடகை தரவில்லை. கொடுத்த அட்வான்ஸும் கழிந்துவிட்டது. தண்ணீரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கினால் தானாகப் போவார் என்கிறார் என் மச்சினர்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: மச்சினர் சொல்வதைக் கேட்காதீர்கள் ஐயா. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருக்குமான புதிய சட்டம் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் இருந்து அமலில் இருக்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. நிறுத்தினால் பாக்கி வைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் எதிர்மனுதாரர். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், அப்புறம் வாடகை நீதிமன்றத்தில் மனு. ஒப்பந்தம் எழுதி, வாடகை விவகாரங்களுக்கென்று நியமித்திருக்கும் அதிகாரியிடம் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த குடித்தனக்காரருக்காவது அதைச் செய்துவிடுங்கள்.

வாடகைக்கு இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதே இந்தச் சட்டத்தின் அளவு. ஆனால் அதிகம் தருவதாக நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஓசூரில் பெங்களூர் பழக்கத்தில் பத்து மாதம் கேட்பது இப்படித்தான் நடக்கிறது. வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில், அரசு தரும் 100 யூனிட் இலவசம் உங்கள் கணக்குக்கு வந்து சேராது.

கேள்வி: நல்லம்பள்ளி பக்கம் 1,200 சதுர அடி மனை, மாதத் தவணையில் தருகிறார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்கிறார் புரோக்கர். வாடகை கட்டுவதற்கு இந்தத் தவணையைக் கட்டலாமே?
– வாசகர், தருமபுரி

பதில்: மனைத் தவணை கட்டினாலும் வாடகையும் கட்டித்தான் ஆக வேண்டும் தம்பி, மனையில் படுத்துத் தூங்க முடியாது. அது போகட்டும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாமலே 2016 அக்டோபர் 20க்கு முன் மனைகள் விற்று, பின்னால் அரசு வரன்முறைப்படுத்திய பிரிவு என்றால் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் பத்திரம் பதிவாகாது, வங்கிக் கடனும் கிடைக்காது.

தாள் சரியாக இருந்தால் அடுத்து தண்ணீர். நம் மாவட்டத்தில் நான் இதைத் தாளுக்குச் சமமாக வைப்பேன். சித்திரை வெயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டில் போர் எத்தனை அடி, எத்தனை இடத்தில் போட்டுத் தண்ணீர் வராமல் புகை வந்தது என்று கேளுங்கள். தண்ணீர் கிடைத்தாலும் நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிரிக்கும்போது பல்லைப் பாருங்கள், காவிக் கறை சொல்லிவிடும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் குழாய் அந்தத் தெரு வரை வந்திருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்பதை புரோக்கரிடம் கேட்காதீர்கள், குடத்தோடு நிற்கும் பெண்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 8 லட்ச ரூபாய் மனையை மனைவி பெயரில் வாங்கினால் ஏதாவது மிச்சமா?
– வாசகர், பர்கூர்

பதில்: 2025 ஏப்ரலில் இருந்து, பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்து பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. உங்களுக்கு 8,000 ரூபாய் மிச்சம். பின்னால் அங்கே வீடு கட்டக் கடன் வாங்கும்போது மனைவிதான் முதல் விண்ணப்பதாரர். உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமானால் நீங்களும் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதில் உங்களுக்குத் தடை இல்லையென்றால் தாராளமாக அவர் பெயரிலேயே வாங்குங்கள். பட்டாவையும் உடனே அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள், பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாதீர்கள்.