தோட்டம் கேள்வி - பதில்: தண்ணீர் கேட்காத புல் உண்டா?

கேள்வி: வீட்டு முன்புறம் புல் போட நினைக்கிறோம். நர்சரிக்காரர் ஒரு ரகத்தைக் காட்டி, "ரெண்டு மாசம் தண்ணி ஊத்தலைன்னாலும் தாங்கும், சோதிச்சுப் பார்த்த ரகம்" என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: எந்த மண்ணில் சோதித்தார்கள் என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள் அம்மா. விஷயமே அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவும் தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்தான். அங்கே 2006, 2007 ஆண்டுகளில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் 25 புல் ரகங்களைப் பட்டினி போட்டார்கள். மழை வந்தால் பாத்திகளை மூடிக்கொள்ள நகரும் கூரை. 60 நாள் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிறகு தண்ணீர் விட்டு எது துளிர்க்கிறது என்று பார்த்தார்கள். இந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்தது. பச்சையாக எத்தனை நாள் நின்றது என்பதை மட்டும் வைத்து ரகத்தை மெச்சுவது அரைகுறைக் கணக்கு. அருகம்புல் சீக்கிரமே பழுப்பாகும், ஆனால் அடியில் உயிரை வைத்திருக்கும்.

ரகங்களை இரண்டு விதமாக நட்டிருந்தார்கள்: ஆழமான இயற்கை மண்ணிலும், வெறும் 4 அங்குல மண்ணிலும். 4 அங்குலத்தில் நட்டது எதுவுமே அந்த 60 நாளைத் தாண்டவில்லை. பேர்பெற்ற ரகமும் போயிற்று, சாதா ரகமும் போயிற்று. வேர் இறங்க இடம் வேண்டாமா?

புது வீடுகளில் கட்டட இடிபாட்டின் மேல் ஒரு கூடை செம்மண்ணைப் பரப்பி, அதன்மேல் பாய் போல் புல்லை விரித்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் முதலில் கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். ஓர் அடியாவது தடையில்லாமல் இறங்க வேண்டும். செங்கல் துண்டு இடித்தால் ரகத்துக்குக் கொடுக்கும் பணத்தை மண்ணில் போடுங்கள். நல்ல வெயில் விழும் இடமென்றால் அருகம்புல் இனத்து ரகம் போதும். மர நிழல் என்றால் அது சரிப்படாது, எருமைப்புல் (செயின்ட் அகஸ்டின் எனப்படும் அகன்ற இலைப் புல்) கேளுங்கள்.

கேள்வி: கோடையில் புல் முழுக்கக் காய்ந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். தரையோடு ஓடும் தண்டு ஒன்றைக் கிள்ளி, கணுவில் காய்ந்த உறையை நகத்தால் உரியுங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. நெறுக்கென்று ஒடிந்து உள்ளேயும் பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. பல இடங்களில் பாருங்கள். ஓரம் செத்து நடு பிழைத்திருப்பதும் உண்டு.